நோயோடு களத்தில் நின்றவரின் வீடு

(மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் நினைவு நாளையொட்டி ஆரணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முஹம்மது அலி என்ற பெயரை ஆரணியில் சொன்னால் சரித்திரம் படித்தவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். ஆற்காடு நவாப் வாலாஜா முஹம்மது அலி! 1751 டிசம்பரில் இந்த ஆரணிக்கருகே கிளைவ் படை நடத்தியது அந்த நவாபின் பெயரால்தான். எதிரில் நின்றவர் சந்தா சாஹிபின் மகன் ரஜா சாஹிப். நம்மவர் இருவர் மோதிக்கொண்டார்கள். நாட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் வெள்ளைக்காரன். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம். இன்று நாம் பேச வந்தது, அந்த வெள்ளைக்காரனிடமே போய் நாட்டைத் திருப்பிக் கேட்ட முஹம்மது அலியைப் பற்றி. 1878 டிசம்பர் 10 அன்று ராம்பூரில் பிறந்து, 1931 ஜனவரி 4 அன்று லண்டனில் வஃபாத்தான மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர்.

அவருடைய கர்ஜனையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். கிலாஃபத் இயக்கம், 'காம்ரேட்' பத்திரிகை, 'ஹம்தர்து' நாளேடு, ஜாமியா மில்லியாவின் முதல் துணைவேந்தர், 1923-இல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் என்று மேடைதோறும் சொல்கிறோம். அண்ணன் தம்பி இருவர் பெயரையும் சேர்த்து முஹம்மது அலி, ஷவ்கத் அலி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் எத்தனை! ஆனால் அந்தச் சிங்கத்திற்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு மனைவி இருந்தார், பெண் மக்கள் இருந்தார்கள். அவர் உடலில் சர்க்கரை வியாதி என்ற தீராத நோய் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தது. அந்த வீட்டைப் பற்றித்தான் நான் பேச எண்ணுகிறேன். காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

தந்தை முகம் அறியாத தந்தை

முஹம்மது அலிக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அவருடைய தந்தை இறந்துவிட்டார். தாய் ஆபாதி பானு பேகம். பின்னாளில் இந்தியாவே 'பீ அம்மா' என்று அழைத்த மாதரசி. இளம் விதவை. மறுமணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்த்தார். ஆங்கிலப் படிப்பு படித்தால் பிள்ளைகள் காஃபிராகிவிடுவார்கள் என்று சொத்தைக் கவனித்து வந்த உறவினர் பணம் தர மறுத்தார். பீ அம்மா என்ன செய்தார் தெரியுமா? வேலைக்காரப் பெண்ணிடம் தம் நகையை ரகசியமாகக் கொடுத்தனுப்பி அடகு வைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். இதை மகனே, சிறையில் எழுதிய, முடிக்கப்படாத தன் சுயசரிதையில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். அந்த அடகு நகைதான் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரியில் சரித்திரம் படித்தது!

ஆக, தகப்பன் எப்படி இருப்பார் என்று பார்த்தறியாத ஒருவர் தகப்பனானார். 1902-இல் உறவுக்காரப் பெண்ணான அம்ஜதி பானுவை மணந்தார். பிறந்தவை எல்லாம் பெண் குழந்தைகள். "ஆண் வாரிசு இல்லையே" என்று நம் ஊரில் உச்சுக் கொட்டுவார்களே, அப்படி அந்த வீட்டைப் பார்த்தும் கொட்டியிருப்பார்கள். அந்தப் பெண்கள்தான் அவருடைய உயிர்.

ஆனால் அந்த உயிர்களோடு அவர் எத்தனை நாள் இருந்தார்? முதல் உலகப் போரின்போது துருக்கியர் நிலையை ஆதரித்து எழுதியதற்காகப் பத்திரிகையின் ஜாமீன் தொகை பறிமுதலானது. 1915 மே மாதம் அண்ணன் தம்பி இருவரும் காவலில் வைக்கப்பட்டார்கள். சிந்த்வாடாவில் ஆண்டுக்கணக்கில் கழிந்தது. 1919 டிசம்பர் இறுதியில்தான் விடுதலை. வெளியே வந்தவர் நேராகச் சென்றது அமிர்தசரஸ் காங்கிரஸ் மாநாட்டிற்கு! நடுவில் 1917-இல் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாடு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் காவலில் இருந்ததால் அவருடைய படத்தை நாற்காலியில் வைத்து மாநாடு நடத்தினார்கள். நாம் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். மாநாட்டு மேடையில் தலைவரின் இடத்திற்குப் படம் போதும். வீட்டில் தகப்பனின் இடத்திற்குப் படம் போதுமா?

வால்டேர் ரயில் நிலையம்

1921 செப்டம்பர் 14. காந்தியடிகளும் முஹம்மது அலியும் சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்கள். பேகம் அம்ஜதி பானுவும் உடன் வருகிறார். வால்டேர் நிலையத்தில் வண்டி நிற்கிறது. முஹம்மது அலி இறங்குகிறார். போலீஸ் கைது செய்கிறது. பிரிட்டிஷ் படையில் வேலை பார்ப்பது ஹராம் என்று கராச்சி கிலாஃபத் மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றிய வழக்கு அது.

இங்கேதான் நீங்கள் சற்று நிற்க வேண்டும். அந்த இடத்தில் நம் வீட்டுப் பெண் ஒருவர் இருந்தால் என்ன செய்வார்? ஊர் திரும்புவார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அம்ஜதி பேகம் ஊர் திரும்பவில்லை. கணவரைப் பார்த்துப் பேசி விடைபெற்றுக்கொண்டு, காந்தியடிகளோடு சென்னைப் பயணத்தைத் தொடர்ந்தார். புர்கா அணிந்த பெண்மணி அவர். பொதுக்கூட்டங்களில் பேசினார், நிதி திரட்டினார். அவருடைய துணிவைப் பாராட்டிக் காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் தனியாகவே எழுதினார்.

நெசவாளர் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பயணத்தில், கைதுக்கு எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். அந்த எண்ணம் முன்பே தோன்றிய வேளைகளில் ஒன்று, தம் கண்முன் முஹம்மது அலி கைதான வேளை என்று அவரே தம் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த அந்த உடை மாற்றத்திற்குப் பின்னால் ஒரு முஸ்லிமின் கைதும் இருக்கிறது! நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மதுரை வரும், வால்டேர் வராது.

கராச்சியில் காலிக்தீனா மண்டபத்தில் விசாரணை நடந்து, 1921 நவம்பர் முதல் தேதி இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் நின்றவர்களில் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ இருந்தார். சாரதா பீட சங்கராச்சாரியார் ஒருவரும் அதே வழக்கில் நிறுத்தப்பட்டு விடுதலை செய்யப்பட்டார் என்பதை இக்காலத்து வெறுப்புப் பேச்சாளர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆமினா

அவர் சிறையில் இருந்த காலத்தில் மகள் ஆமினாவுக்குக் காசநோய் கண்டது. தகப்பன் கம்பிக்கு உள்ளே. மகள் வெளியே இருமிக்கொண்டிருக்கிறாள். அந்நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1940-களில்தான். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு இவைதான் வைத்தியம். பிழைத்தால் அல்லாஹ்வின் கருணை.

மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்து மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். அந்த வீட்டின் பழக்கம் அப்படியில்லை. முந்தைய காவலின்போதே, அரசு நீட்டிய உறுதிமொழிக் காகிதத்தில் பிள்ளைகள் கையெழுத்திடக் கூடாது என்று கண்டிப்பாக நின்றவர் பீ அம்மா. முஹம்மது அலி சிறையிலிருந்து மகளுக்குக் கவிதை எழுதினார். நான் உதவியற்றவனாக இருக்கிறேன், அல்லாஹ் அப்படி இல்லை என்பது அதன் சாரம். உர்தூ தெரிந்த பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

1923-இல் விடுதலையாகி மகளிடம் வந்தார். டிசம்பரில் காக்கிநாடா மாநாட்டுத் தலைமை. மறு ஆண்டு, 1924-இல் ஆமினா இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பரில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கியது எங்கே? டில்லியில் முஹம்மது அலியின் வீட்டில்! பெண்ணைப் பறிகொடுத்த துக்கம் ஆறாத வீடு, நாட்டின் நோன்புக்கு இடம் கொடுத்தது. நவம்பரில் பீ அம்மாவும் போய்ச் சேர்ந்தார். ஒரே ஆண்டில் மகள், தாய் என்று இரண்டு ஜனாஸாக்கள்.

தியாகம் என்ற சொல்லை நாம் மிக மலிவாகப் பயன்படுத்துகிறோம். சுவரொட்டி ஒட்டினாலும் தியாகம், ஒருநாள் மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்டாலும் தியாகம்! ஆமினாவின் இருமல் சத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை உச்சரியுங்கள்.

இனிப்பு நோயின் கசப்பு

இப்போது அவருடைய நோய்க்கு வருவோம். சர்க்கரை வியாதி இன்று நமக்குப் பழகிப்போன பெயர். மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. இன்சுலின் முதன்முதலாக ஒரு மனிதனுக்குச் செலுத்தப்பட்டதே 1922 ஜனவரியில், கனடாவில். அப்போது முஹம்மது அலி கடுங்காவலில் இருந்தார். அதற்கு முன் நீரிழிவுக்காரருக்கு மருத்துவர்கள் சொன்னதெல்லாம் பட்டினிப் பத்தியம்தான். ஊர் ஊராகப் பேச்சு, சிறைச்சோறு, தூக்கமில்லாத பத்திரிகை வேலை என்று திரிந்த உடலுக்குப் பத்தியம் எங்கே கிடைக்கும்? 1928-இல் சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றார். நேரு அறிக்கை விவகாரம் கொதித்தது. திரும்பி வந்து மீண்டும் களத்தில் இறங்கினார்.

1930-இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. தூக்கிச் செல்ல வேண்டிய நிலையில் இருந்தவர் கப்பலேறினார். மனைவியும் உடன் சென்றார். நவம்பர் 19 அன்று மாநாட்டில் உட்கார்ந்தபடியே பேசினார். எழுந்து நிற்கும் வலு இல்லை. என் நாட்டுக்குச் சுதந்திரத்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள், இல்லையேல் எனக்கு இங்கேயே ஒரு கப்ரைத் தாருங்கள் என்ற பொருள்பட அவர் சொன்னது உலகறிந்த பேச்சு. பேச்சோடு நிற்கவில்லை. இந்து முஸ்லிம் பிரச்சினை குறித்துப் பிரிட்டிஷ் பிரதமருக்கு நீண்ட கடிதம் ஒன்றைப் படுக்கையிலிருந்தே சொல்லி எழுதவைத்தார். 1931 புத்தாண்டு பிறந்து நான்காம் நாள் உயிர் பிரிந்தது. வயது 52. ஜெருசலேம் முஃப்தி அமீனுல் ஹுசைனியின் அழைப்பின்பேரில் உடல் அங்கே கொண்டு செல்லப்பட்டு, ஜனவரி 23 அன்று புனித ஹரம் ஷரீஃப் வளாகத்தையொட்டி அடக்கம் செய்யப்பட்டது.

அந்தப் பேச்சை எல்லோரும் சொல்கிறார்கள். அவர் பேசி முடித்து அறைக்கு வந்த பிறகு காலைப் பிடித்துவிட்டது யார்? இரவில் தண்ணீர் கொடுத்தது யார்? நீண்டநாள் நோயாளியின் கோபத்தையும் சோர்வையும் வாங்கிக்கொண்டது யார்? சரித்திரப் புத்தகங்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

கணவர் போன பின் அம்ஜதி பேகம் மூலையில் உட்காரவில்லை. முஸ்லிம் லீக்கின் அகில இந்தியச் செயற்குழுவில் ஆண்கள் நடுவே இடம்பெற்ற பெண்மணியாக இருந்து, 1947 மார்ச்சில் மறைந்தார். கிடைக்கப்போகும் விடுதலையைக் கணவரும் பார்க்கவில்லை, மனைவியும் பார்க்கவில்லை.

நம் தெருவுக்கு வருவோம்

இனி, இந்த வீட்டைப் பற்றி ஏன் பேசினேன் என்பதற்கு வருகிறேன்.

இந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நீண்டநாள் நோயில் படுத்திருக்கும் ஒரு தகப்பனாவது இருப்பார். பட்டுத் தறியில் இருந்தவராக இருக்கலாம். அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவராக இருக்கலாம். கடையில் கணக்கு எழுதியவராக இருக்கலாம். தறிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜரிகை இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிய வேண்டிய கண். சர்க்கரை முதலில் கைவைப்பது அந்தக் கண்ணில். குழித்தறியில் வெறுங்காலால் மிதிக்க வேண்டும். சர்க்கரையால் மரத்துப்போன காலில் காயம் பட்டாலும் தெரியாது. புண் பெரிதாகி நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். பிறகு சிறுநீரகம். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வேலூருக்கு வாரத்தில் இரண்டு முறை, மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் பயணம். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போயிற்று. தார் சுற்றிக்கொண்டும் பாவு புணைந்துகொண்டும் இருந்த மனைவி இப்போது நர்சு வேலையும் பார்க்கிறார்.

இதில் இன்னொரு கொடுமை, நோயை மறைப்பது. 1782 ஜூனில் இதே ஆரணிக்கருகே ஆங்கிலத் தளபதி கூட்டோடு மோதிய ஹைதர் அலி, அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று முதுகில் வந்த கட்டியால் சித்தூருக்கருகே பாசறையில் இறந்தார். மகன் திப்பு மலபாரில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை மரணத்தையே மறைத்து வைத்தார்கள். அது அரசாங்கத்தைக் காக்கச் செய்த காரியம். நம் வீடுகளில் எதற்காக மறைக்கிறோம்? பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், அப்பாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்களாம்! மறைத்து மறைத்து, காலை எடுக்க வேண்டிய நிலை வந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டபோதுகூட, அந்தப் பெண் நம் வீட்டு வாசலில் நிற்பதைத் தெருவார் பார்த்துவிடுவார்களே என்று கூசியவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பத்ருப் போரின்போது உஸ்மான் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் இல்லை. ஏன்? நபிகளாரின் மகளும் தம் மனைவியுமான ருகய்யா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவரைக் கவனித்துக்கொள்ளும்படி மதீனாவில் நிறுத்தியவர்கள் நபியவர்களே! வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்த வேளையில் ருகய்யா (ரலி) மரணமடைந்திருந்தார்கள். போருக்கே போகாத உஸ்மானுக்குப் போரில் கலந்தவருக்குரிய பங்கும் கூலியும் உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். இயக்கப் பணி என்று சொல்லிக்கொண்டு நோயாளி மனைவியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றும் தோழர்களே! பத்ரை விடவா பெரியது உங்கள் பொதுக்கூட்டம்? அதேசமயம், வீட்டைக் காரணம் காட்டிச் சமுதாயத்தை எட்டிப் பார்க்காதவர்கள் உஸ்மானை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அவர் பொருளையும் உயிரையும் மார்க்கத்துக்குத் தந்தவர்.

மரணத்திற்கு முன் எழுத வேண்டியது

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயில் படுத்தார்கள். பார்க்க வந்த நபியவர்களிடம், எனக்கு ஒரே மகள்தான் வாரிசு, என் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? அதுவே அதிகம்தான். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வது நல்லது என்பது அந்த ஹதீஸின் கருத்து. பெண் பிள்ளைதானே என்று ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்!

நம் ஊரில் நடப்பதென்ன? ஆண்டுக்கணக்கில் கணவனுக்குச் சேவை செய்த மனைவி, ஜனாஸாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், "மஹரை மன்னித்துவிட்டேன்னு சொல்லிடும்மா" என்கிறார். அந்தக் கண்ணீரில் அவள் என்ன சொல்வாள்? தலையாட்டுவாள். சகோதரர்களே, மஹர் என்பது கணவன் மனைவிக்குத் தர வேண்டிய கடன். அடக்கச் செலவு போகக் கடன்களை அடைத்து, மரண சாசனம் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நிறைவேற்றி, மிச்சத்தைத்தான் பங்கிட வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று அவளுடைய உரிமை. மச்சினன்மார் பார்த்துப் போடும் பிச்சை அன்று. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கச் சொல்லத் தெரிந்த ஜமாஅத்துக்கு, அந்த எட்டில் ஒன்றைப் பிரித்துத் தரச் சொல்லவும் தெரிய வேண்டும்!

கடன் விஷயத்திற்கு இந்த ஊரில் தனி முகம் உண்டு. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம். தகப்பன் படுத்துவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பையனைத் தறியில் உட்காரவைத்துக் கழிக்கச் சொல்லும் வழக்கத்தைப் பட்டு நெசவு ஊர்கள் நெடுங்காலம் பார்த்திருக்கின்றன. மார்க்கச் சட்டப்படி இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அடைபட வேண்டியது. பிள்ளையின் முதுகில் ஏறுவதில்லை. நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: கடனுக்கு ஆளை அடிமையாக வேலை வாங்குவதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்து, அத்தகைய கடனையே செல்லாததாக்கியது. முதலாளி முஸ்லிமாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, இதைச் சொல்ல நம் அமைப்பு தயங்கக் கூடாது.

சொத்தே இல்லாதவர் கடனோடு இறந்தால்? கடனாளியின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபியவர்கள் தொழவைக்கத் தயங்கி நிற்க, அபூ கதாதா (ரலி) முன்வந்து அந்தக் கடனை நான் ஏற்கிறேன் என்றார்கள். அதன்பிறகே தொழுகை நடந்தது. இங்கே கூடியிருப்பவர்களில் அபூ கதாதாக்கள் எத்தனை பேர்?

இரங்கல் தீர்மானம் போடுவதில் நாம் வல்லவர்கள். ஒருவர் போன பிறகு, "சிறந்த தந்தை, அன்பான கணவர், சமுதாய ஊழியர்" என்று வாழ்த்துரை அச்சடிக்கிறோம். அவர் எட்டாண்டு, ஒன்பதாண்டு படுக்கையில் கிடந்தபோது அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர் என்று அந்த வீட்டுப் பெண்மணியைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். மஹல்லாவாரியாக நீண்டநாள் நோயாளிகள் உள்ள வீடுகளின் பட்டியல் தயாராக வேண்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்த வீட்டில் இருக்கிறதா, வேலூர் போய்வரும் நாளில் உடன் செல்ல ஆள் இருக்கிறதா, பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கிறதா, முன்பணக் கடன் எவ்வளவு என்ற விவரங்கள் அதில் வேண்டும். பெண்கள் உள்ள வீட்டுக்குப் பெண்களே போய்க் கேட்கட்டும். பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டாம். நோயாளிக்கும் மானம் உண்டு. ஸகாத் பணத்தை ரமளானில் புடவையாக வாங்கி வரிசையில் நிறுத்திக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, இந்த வீடுகளுக்கு மாதாமாதம் போய்ச் சேரும்படி பைத்துல்மாலில் செலுத்துங்கள். வெளியூரில் இதைப் படிக்கும் வாசகர்களும் உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தெருவுக்கு இருவர் பெயர் கொடுக்க வேண்டும். சகோதரிகள் திரைக்கு அப்பாலிருந்தே பெயர் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.